அதே பாட்டு, மறுபடியும் அதே பாட்டு!

பிடித்த பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பழக்கம் பற்றி எழுதச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களைப் பிரித்தால், தான் கேட்பதைப் பற்றி எழுதியவர்களைவிடப் பக்கத்து அறையில் கேட்கிறவர் மேல் புகார் எழுதியவர்கள்தான் அதிகம்! பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஹாஸ்டலில் இருக்கிறேன். ஒரு பாட்டு பிடித்துவிட்டால் மெஸ்ஸுக்குப் போகும்போது, துணி துவைக்கும்போது, தூங்குவதற்கு முன் என்று எப்போதும் அதேதான். கொஞ்ச நாள் கழித்து தானாக அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவேன். ரூம்மேட்கள் 'உனக்கு ஏதோ கோளாறு' என்கிறார்கள். நிஜமாகவே கோளாறா?
– கல்லூரி மாணவி, கோவை

கோளாறெல்லாம் இல்லைம்மா. உங்களை மாதிரி ஆட்களை வைத்தே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடத்தி 2018-ல் வெளியிட்டார்கள். இப்போது அடிக்கடி கேட்கிற பாட்டு எது, எத்தனை தடவை கேட்கிறீர்கள், கேட்டால் என்ன தோன்றுகிறது என்று விசாரித்ததில், வாரத்தில் பல தடவை கேட்கிறவர்கள், தினமும் கேட்கிறவர்கள், ஒரே நாளில் மூன்று நான்கு தடவை கேட்கிறவர்கள் என்று ஏகப்பட்ட பேர் சிக்கினார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், துள்ளல் பாட்டு வைத்திருந்தவர்களைவிட, இனிப்பும் ஏக்கமும் கலந்த பாட்டு வைத்திருந்தவர்கள்தான் அதைக் கூடுதல் தடவை கேட்டிருந்தார்கள். உங்கள் பாட்டு எது என்று நீங்கள் எழுதவில்லை. ஏதாவது மழைப் பாட்டாகத்தான் இருக்கும்.

அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்தும் ஏன் அலுப்பதில்லை? தெரிந்திருப்பதுதான் காரணம். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், புல்லரிக்க வைக்கும் பாட்டுகளை ஆட்களையே எடுத்து வரச் சொல்லி, அவர்கள் கேட்கும்போது மூளையைப் படம் பிடித்தார்கள். 2011-ல் முடிவு வந்தது. புல்லரிக்கிற அந்த நொடியில் மூளையில் டோபமைன் என்ற இன்ப ரசாயனம் சுரக்கிறது, சரி, அது எதிர்பார்த்ததுதான். அதற்குச் சற்று முன்னாலேயே, 'இதோ வரப்போகுது' என்று காத்திருக்கும்போதே, மூளையின் இன்னொரு பகுதியில் அதே டோபமைன் சுரக்கிறது! முதல் தடவை கேட்கிறவருக்கு எங்கே காத்திருக்க வேண்டும் என்றே தெரியாதே. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் அந்த இடத்துக்காக நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது, பாட்டை மனப்பாடம் செய்தவருக்கு மட்டும் கிடைக்கிற சம்பளம்.

இன்னொன்றும் உண்டு. முதல் சில தடவைகள் குரலும் மெட்டும்தான் காதில் விழும். அப்புறம் வரிகள். அதற்கும் அப்புறம்தான் இரண்டாவது இடையிசையில் பின்னால் தனியாகப் போகிற வயலின், தாளத்துக்குள் ஒளிந்திருக்கும் சின்ன மணிச் சத்தம் எல்லாம். இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் கீழ் ஸ்தாயியில் தனியாக ஒரு மெட்டே போட்டுக்கொண்டு நடக்கும். கையடக்க டிரான்சிஸ்டரில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது இருப்பதே தெரியாது, அந்த ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே இறங்க முடியாது. நல்ல ஹெட்போன் கைக்கு வந்தபின் பழைய பாட்டையே புதுசாகக் கண்டுபிடித்த ஐம்பது வயதுக்காரர்கள் எத்தனையோ பேர்.

ஆகவே தாராளமாகக் கேளுங்கள். இயர்போனில். ரூம்மேட்களுக்கும் காது இருக்கிறது.

நாங்கள் விடிய விடியக் கச்சேரி கேட்டவர்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் நாலு நிமிஷப் பாட்டை நாள் முழுக்கச் சுற்ற விட்டுக் கேட்கிறார்கள். இதில் என்ன ரசனை இருக்கிறது?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மயிலாடுதுறை

ஐயா, கச்சேரி கேட்டவர் நீங்களே இப்படிக் கேட்கலாமா! பல்லவியின் முதல் வரியைச் சங்கதி சங்கதியாக எத்தனை தடவை பாடுகிறார்கள்? அனுபல்லவி முடிந்தால் பல்லவி, சரணம் முடிந்தால் மறுபடி பல்லவி. நிரவல் என்று உட்கார்ந்துவிட்டால் ஒரே வரியைக் கால் மணி நேரம் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், நீங்களும் தலையை ஆட்டிக்கொண்டு 'பலே' போடுகிறீர்கள்.

'அங்கே ஒவ்வொரு தடவையும் மாறுகிறதே' என்பீர்கள். நியாயம்தான். மாறாததற்கும் நம் வீட்டிலேயே ஆள் இருக்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டு 1963-ல் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அதே குரல், அதே பதிவு, எத்தனை வீட்டில், எத்தனை கோயிலில், எத்தனை டீக்கடையில் விடிகிறது! ஒருவரும் 'நேற்றுத்தானே போட்டீர்கள்' என்று கேட்பதில்லை. கந்த சஷ்டி கவசமோ ஒரு நாளைக்கு முப்பத்தாறு உரு ஓது என்று தனக்குள்ளேயே கணக்கைச் சொல்லிவிடுகிறது. பிள்ளைகளின் ரிப்பீட் பட்டன் அந்தக் கணக்கை இன்னும் எட்டியிருக்காது.

இசை ஆய்வாளர் எலிசபெத் மார்குலிஸ் ஒரு வேலை செய்தார். லூச்சியானோ பெரியோ, எலியட் கார்ட்டர் என்று இரண்டு நவீன மேற்கத்திய இசையமைப்பாளர்கள், இவர்கள் வேண்டுமென்றே எதையும் திருப்பிச் சொல்லாமல் எழுதுகிற ஆட்கள். அந்த இசையை எடுத்து, கம்ப்யூட்டரில் சில துண்டுகளை வெட்டி மறுபடி ஒட்டி, செயற்கையாகத் திரும்ப வரும்படி செய்து ஆட்களிடம் போட்டுக் காட்டினார். பெரிய மேதைகள் எழுதியதைவிட இந்த வெட்டி ஒட்டிய வடிவம்தான் கேட்டவர்களுக்கு அதிகம் பிடித்தது, இதுதான் மனிதர் போட்ட இசையாக இருக்கும் என்றும் சொன்னார்கள்.

பேச்சுக்கும் இதே கதிதான். டயானா டாய்ச் என்ற ஆய்வாளர் 1995-ல், தான் பேசிப் பதிவு செய்த ஒரு சாதாரண வாக்கியத்தின் துண்டு சும்மா சுற்றிக்கொண்டே இருந்தபோது, அது பாட்டாக மாறிக் கேட்பதைக் கவனித்தார். ஒரு எழுத்துகூட மாறவில்லை, திரும்பத் திரும்ப வந்ததுதான் மாற்றம். நம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் இதற்கு ஆய்வுக்கூடமே வேண்டாம். 'திண்டிவனம் விழுப்புரம், திண்டிவனம் விழுப்புரம்' என்று அந்தக் கண்டக்டர் கூவுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுப் பாருங்கள், ராகமே வந்துவிடும்.

இப்போது ஒரு பட்டனைத் தட்டினால் போதும். கேசட் காலத்தில் நாங்கள் பட்ட பாடு உங்கள் வாசகர்களுக்குத் தெரியுமா? கொஞ்சம் எழுதுங்களேன்.
– மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

எழுதச் சொன்னீர்களே, இதற்கு இடம் போதாது அண்ணாச்சி.

கேசட்டுக்கு முன்னால் ரேடியோ. அங்கே ரிப்பீட் என்ற பேச்சே இல்லை, தபால் அட்டைதான். விவித் பாரதிக்கோ இலங்கை வானொலிக்கோ எழுதிப் போட்டுவிட்டு, என்றைக்குப் போடுவார்களோ என்று காத்திருந்து, போடுகிற நேரம் பார்த்துக் கரண்ட் போய்விடும். ரிப்பீட்டில் கேட்கும் வசதி அன்றைக்கு ஊரில் ஒருவருக்கு மட்டும்தான் இருந்தது, மைக் செட் அண்ணனுக்கு. கல்யாண வீட்டில் அவருக்கு ஒரு பாட்டு பிடித்துப்போனால் ஊருக்கே அன்று அந்தப் பாட்டுதான்.

கேசட் வந்ததும் அந்த அதிகாரம் நம் கைக்கு வந்தது. ஆனால் சும்மா வரவில்லை. பாட்டு முடிந்ததும் ரீவைண்ட் அமுக்கி, மனசுக்குள் எண்ணி, நிறுத்தி, பிளே போட்டால் முந்தின பாட்டின் கடைசி வரி வரும். கொஞ்சம் முன்னால் ஓட்டினால் நம் பாட்டின் ஆரம்ப இசை போயே போயிருக்கும். பிளேயும் ரீவைண்டும் சேர்த்து அழுத்தினால் அந்தக் கீச்சுக் கீச்சுச் சத்தத்தை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கிற கில்லாடிகள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. சில செட்டில் மூன்று இலக்கக் கவுண்ட்டர் இருக்கும், பாட்டு ஆரம்பிக்கிற நம்பரை அட்டையில் பென்சிலால் குறித்து வைப்பார்கள்.

இதையெல்லாம் சகிக்க முடியாத தீவிரவாதிகள் கடைக்குப் போய், காலி கேசட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டைப் பதிவு செய்து தரச் சொன்னார்கள். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம், நாலரை நிமிடப் பாட்டு ஆறு தடவை அடங்கும், மிச்சம் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தை வீணாக்க மனசில்லாமல் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டை அரைகுறையாகப் போட்டு அனுப்புவார். பாதியில் நிற்கிற அந்தப் பாட்டும் காலப்போக்கில் நமக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். இன்று அதே பாட்டை முழுசாகக் கேட்டால்கூட அந்த இடம் வந்ததும் நின்றுவிடும் என்றுதான் மனசு எதிர்பார்க்கும்.

ஒரே இடத்தை ஓட்டி ஓட்டி டேப் நீளும், ஹெட்டில் பழுப்பாகப் பொடி ஒட்டும், பாடகர் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவார். நிறையப் பாட்டு கிடைக்குமே என்று ஆசைப்பட்டுத் தொண்ணூறு, நூற்றிருபது நிமிடக் கேசட் வாங்கியவர்கள் பாவம். உள்ளே டேப் நீளம் கூடக் கூடத் தடிமன் குறைந்தாக வேண்டும், அதனால் அதுதான் முதலில் சிக்கும். அப்புறம் வெளியே வந்த டேப்பைச் சுற்றி உள்ளே விட ஆறு பட்டைப் பென்சிலைத் தேட வேண்டியதுதான்.

ஒன்று மட்டும் சொல்லுவேன். அவ்வளவு சிரமப்பட்டு ஒரு பாட்டை மறுபடி கேட்டவர், கேட்டே தீர வேண்டும் என்று கேட்டவர். இன்றைக்கு ஆப் தானாக அடுத்ததை, அதற்கடுத்ததை எடுத்துப் போட்டுக்கொண்டே போகிறது, என்ன ஓடுகிறது என்று தெரியாமல் மணிக்கணக்கில் ஓடுகிறது. ஒரே பாட்டை லூப்பில் போடுகிற பிள்ளையைப் பார்த்து எனக்குக் கவலை இல்லை, அவனுக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரிகிறது.

ஆசையாகப் பிடித்த பாட்டை அலாரமாக வைத்தேன். இப்போது கடையில் அந்தப் பாட்டு கேட்டால்கூட எரிச்சலாக வருகிறது.
– ஐ.டி. ஊழியர், சென்னை

வரத்தான் செய்யும். தினமும் தூக்கத்தைக் கெடுக்கிறவரோடு யாருக்குச் சிநேகம் வரும்? அலாரத்துக்கு போனோடு வந்த சத்தமே போதும், அதை வெறுத்தால் நஷ்டமில்லை. பாட்டைச் சில மாதம் காதில் படாமல் வையுங்கள், பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

காதல் முறிந்துவிட்டது. ராத்திரி முழுக்கச் சோகப் பாட்டுகள்தான். அதுவும் ஒரே பாட்டு. 'அதைக் கேட்காதடா, இன்னும் மோசமாயிடும்' என்கிறான் நண்பன். அவன் சொல்வது சரியா?
– 24 வயது, திருச்சி

தம்பி, உங்கள் நண்பன் பாதி சரி. சோகமாக இருக்கும்போது குத்துப் பாட்டு கேட்டால் ஆறும் என்று நினைப்பது வெளியில் நிற்கிறவர்களின் யோசனை. நம் நிலைமையை வேறு யாரோ நம்மைவிட அழகாகப் பாடி வைத்திருக்கிறார்கள் என்பதே ஒரு துணைதான், அதனால்தான் அந்தப் பாட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

ஆனால் பாட்டு முடிந்தபின் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அழுது முடித்துக் கொஞ்சம் லேசாகி, ஒரு டீ குடிக்கலாம் என்று தோன்றினால் பாட்டு அதன் வேலையைச் செய்கிறது. முடிந்ததும் இன்னும் கனமாகி, நடந்ததையே மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்து, 'அன்றைக்கு நான் அப்படிப் பேசாமல் இருந்திருந்தால்' என்று விடியும்வரை போனால் அங்கே பாட்டு ஓடவில்லை, வேறு ஏதோ ஓடுகிறது. அப்படியானால் ராத்திரியில் வேண்டாம், பகலில், நடந்துகொண்டு கேளுங்கள். நண்பனோடு சேர்ந்து கேட்டாலும் நல்லது, பாதிப் பாட்டிலேயே அவன் ஏதாவது உளறிச் சிரிக்க வைத்துவிடுவான்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டு வேலைக்கே போக முடியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றினாலும் காத்திருக்காதீர்கள், மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

பரீட்சைக்குப் படிக்கிறேன். ஒரு பாட்டின் இரண்டே வரி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிறுத்த வழி உண்டா?
– பிளஸ் டூ மாணவன், தஞ்சாவூர்

சூயிங்கம் மெல்லு. விளையாட்டு இல்லை, இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தில் 2015-ல் சோதித்துப் பார்த்தார்கள், மென்றவர்களுக்குப் பாட்டு தலைக்குள் வருவது குறைந்தது. மனசுக்குள் பாடும்போதும் வாயை அசைக்கிற ஏற்பாடுதான் உள்ளே வேலை செய்கிறது, அதை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டால் பாட முடியாது. பரீட்சை ஹாலுக்குள் விடமாட்டார்கள், வீட்டோடு வைத்துக்கொள். இன்னொரு வழி, அந்தப் பாட்டை எழுந்து போய் முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை கேட்டுவிடுவது. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் நடுவில் உள்ள ஒரு துண்டுதான், முடிவைக் காட்டிவிட்டால் பலருக்கு விட்டுவிடுகிறது.

படிக்கும்போது பின்னால் பாட்டு ஓடுகிறதா? அதை நிறுத்து முதலில். வரிகள் உள்ள பாட்டும் பாடப்புத்தகமும் மூளையில் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். கேட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் வீணை, புல்லாங்குழல் மாதிரி ஏதாவது வை.

காரில் ஏறினால் என் கணவருக்கு ஒரே பாட்டு. மூன்று வயது மகளுக்கு இன்னொரு ஒரே பாட்டு. இருவருக்கும் நடுவில் எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருக்கிறது.
– சேலம் வாசகி

மகளை விட்டுவிடுங்கள். அவளுக்கு உலகத்தில் பாதி விஷயம் என்ன நடக்கும் என்றே தெரியாது, அந்தப் பாட்டில் மட்டும் அடுத்து மாடு கத்தும், அப்புறம் கோழி கத்தும் என்று உறுதியாகத் தெரியும். ஒரே கதையைத் தினமும் சொல்லச் சொல்வதும், ஒரு வார்த்தை மாற்றினால் நம்மைத் திருத்துவதும் இதனால்தான். திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் வார்த்தைகளைப் பிடிக்கிறாள்.

கணவருக்கு இந்தச் சலுகை கிடையாது. போகும்போது அவர் பாட்டு, வரும்போது உங்கள் பாட்டு. யார் ஓட்டினாலும்.

ஒரு பாட்டை அளவுக்கு மீறிக் கேட்டு, இப்போது ஒன்றுமே தோன்றவில்லை. செத்துப்போன பாட்டை எப்படி உயிர்ப்பிப்பது?
– திருநெல்வேலி வாசகர்

உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968-ல், அர்த்தம் தெரியாத சொற்களையும் சீன எழுத்து மாதிரிக் கிறுக்கல்களையும்கூட, அடிக்கடி பார்த்தால் பிடித்துப்போகிறது என்று காட்டினார். ஆனால் அது ஏறிக்கொண்டே போகாது, ஓர் உச்சிக்குப் போய்த் திரும்ப இறங்கும் என்று டேனியல் பெர்லைன் என்ற இன்னோர் உளவியலாளர் சொன்னார். எளிமையான பாட்டு சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் இறங்கும். உள்ளே சமாசாரம் நிறைய உள்ள பாட்டு மெதுவாக ஏறி நெடுநாள் நிற்கும். வந்த வாரமே ஊரெல்லாம் அலறி அடுத்த மாதம் காணாமல் போகிற பாட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

கீழே இறங்கிவிட்டால் கட்டாயப்படுத்திக் கேட்காதீர்கள். பிளேலிஸ்ட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். மேடையில் பாடிய பதிவு கிடைத்தால் அதைக் கேளுங்கள், தெரிந்த இடத்தில் பாடகர் சின்னதாக ஒன்றை மாற்றிப்போட்டால் போதும், காது சட்டென்று நிமிரும்.

நாள் முழுக்க இயர்போனில் ஒரே பாட்டு. காது போய்விடும் என்று அம்மா திட்டுகிறார்.
– ஓசூர்

ஒரே பாட்டால் போகாது, சத்தத்தால் போகும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் அதே வாரத்துக்கு 4 மணி நேரம்தான்! பஸ்ஸில் எஞ்சின் சத்தத்தை மறைக்கச் சத்தத்தைக் கூட்டிவிட்டு, இறங்கியபின் குறைக்க மறக்கிறோம், அங்கேதான் அடி. உட்காதில் உள்ள நுண்மயிர்ச் செல்கள் போனால் மறுபடி முளைக்காது. அம்மா சொல்வதைக் கேளுங்கள், கேட்கிற காது இருக்கும்போதே.

நான் ஒரு பாட்டை நூறு தடவை கேட்டால் அதைப் போட்டவருக்குப் பணம் போகுமா?
– புதுச்சேரி வாசகர்

கொஞ்சம் போகும், நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி கேட்டால்தான் ஒரு தடவை என்று கணக்கு. நீங்கள் கட்டும் சந்தா நேராக உங்கள் பாடகருக்குப் போவதில்லை, எல்லோர் பணமும் ஒரே உண்டியலில் விழுந்து, மொத்தக் கேட்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிகிறது. நீங்கள் மாதம் முழுக்க ஒரே ஆளைக் கேட்டாலும் உங்கள் காசில் பெரும்பகுதி நீங்கள் கேட்டே இராதவர்களுக்குத்தான். 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவு உரிமைப் பணமே கிடையாது என்றும் வைத்துவிட்டார்கள். ஆகவே, பெயர் தெரியாத ஒரு புதுப் பையன் போட்ட பாட்டு உங்களுக்குப் பிடித்திருந்தால், அங்கே உங்கள் நூறு தடவை பெரிய விஷயம். பிரபலமானவர்களுக்கு நீங்கள் கேட்காவிட்டாலும் நடக்கும்.

சினிமாப் பாட்டில், 2012-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பின் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டி உரிமையை முழுசாக எழுதி வாங்கிவிட முடியாது. ஆக எழுதியவருக்கும் ஏதோ சில்லறை போய்ச் சேரவேண்டும். அவர் பெயரையும் ஒரு தடவை தேடிப் பாருங்கள், ஆப்பில் எங்கேயோ கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.